விடியற்காலை 3 மணி இருமலும் ஐந்து மூலக அட்டவணையும்

வாசகியின் கடிதம்

சிங்கப்பூரில் வசிக்கும் 51 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன தீபாவளியை ஒட்டி இரத்த அழுத்தமும் கூடியிருப்பது தெரிந்து, அரசாங்க மருந்தகமான பாலிகிளினிக்கில் எனலாப்ரில் மாத்திரை கொடுத்தார்கள். டிசம்பரில் தொண்டையில் லேசான கரகரப்பு. பொங்கலுக்கு முந்தைய வாரம் ஊரில் அவருடைய அண்ணன் காலமானார். போய்விட்டுத் திரும்பியதிலிருந்து சளியே இல்லாத வறட்டு இருமல். இரவு 3 மணி வாக்கில் விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் வருவதில்லை. கூட வேலை பார்க்கும் சீனத் தோழி தனக்குத் தெரிந்த சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், அழைத்துப் போயிருக்கிறார். அவர் நாக்கைப் பார்த்து, இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்த்து, "நுரையீரலின் உயிராற்றல் குறைந்திருக்கிறது, சிறுநீரகமும் பலவீனம்" என்று சொல்லி, இரண்டு வாரத்துக்குப் பொடிப் பொட்டலங்கள் கொடுத்தார்.

பிறகு வாட்ஸ்அப்பில், மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற சீன ஐந்து மூலகங்களுக்கு உறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் ஓர் அட்டவணை கிடைத்தது. துக்கம் நுரையீரலின் உணர்ச்சி. விடியற்காலை 3 முதல் 5 வரை நுரையீரலின் நேரம். நுரையீரல் உலோகம், சிறுநீரகம் நீர். உலோகம் நீரைப் பெற்றெடுக்கும் தாய். எல்லாம் பொருந்திவிட்டது. அண்ணன் போன துக்கம் நுரையீரலைத் தின்றுவிட்டது, தாய் பலவீனமானால் அடுத்து பிள்ளையான சிறுநீரகம்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். உப்புச் சுவை சிறுநீரகத்துக்கு உரியது என்பதால் தினமும் காலையில் அரை டீஸ்பூன் இந்துப்பை வெந்நீரில் கரைத்துக் குடிக்கிறார். மாத்திரைகள் கல்லீரலுக்குப் பாரம் என்று எனலாப்ரிலைப் பாதியாக்கிவிட்டார். 'சிறுநீரக பலம்' என்று போட்ட மாத்திரைக் குப்பி ஒன்றையும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. சமீபத்திய இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 64. "எங்கள் அண்ணனுக்கு 1.4 என்றபோதே டாக்டர் கவலைப்பட்டார். எனக்கு 64 என்றால்?" என்று கேட்கிறார்.

அவருடைய கேள்விகள்: என் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறதா? ஆங்கில மருந்தை விட்டுவிட்டு முழுதாகச் சீன மருத்துவத்துக்குப் போகலாமா? நம் பஞ்சபூதமும் அவர்களுடைய ஐந்து மூலகமும் ஒன்றுதானே, இரண்டு பெரிய நாகரிகங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டுவிட்டதாமே?

அன்புள்ள சகோதரி,

அண்ணனைப் பறிகொடுத்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்தத் துக்கத்தோடு வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் தூக்கமும் இல்லாமல் இருப்பது பெரிய சிரமம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் மூலகங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மொத்தம் இரண்டே வரி. என் கண் போய் நின்றது அந்த இரண்டு வரியில்தான். எனவே அங்கே தொடங்குகிறேன்.

இருமலுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது

எனலாப்ரில், லிசினோப்ரில் போன்ற 'பிரில்' என்று முடியும் மாத்திரைகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பக்கவிளைவு உண்டு: வறட்டு இருமல். பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கும் நொதியை இந்த மருந்து தடுக்கிறது. அந்தப் பொருள் மூச்சுக்குழாயில் சேர்ந்து தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். நூறு பேர் சாப்பிட்டால் 5 முதல் 20 பேருக்கு இது வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும்.

இப்போது உங்கள் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு மாத்திரை. டிசம்பரில் தொண்டைக் கரகரப்பு. ஜனவரியில் அண்ணனின் மறைவு. அதாவது துக்கம் வருவதற்கு முன்பே தொண்டையில் ஏதோ ஆரம்பித்துவிட்டது. இதை எழுதியவரே நீங்கள்தான். ஆனால் துக்கம், நுரையீரல், 3 மணி என்று அட்டவணை அவ்வளவு அழகாகப் பொருந்தியதால், அந்த டிசம்பர் வரியை நீங்களே தாண்டிப் போய்விட்டீர்கள். மாத்திரையைப் பாதியாக்கியும் இருமல் குறையவில்லை என்பதால் காரணம் மாத்திரை இல்லை என்று நினைத்திருக்கலாம். இந்த இருமல் பெரும்பாலும் மருந்தின் அளவைப் பொறுத்ததில்லை. பாதி மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்.

தீர்வு சுலபமானது. லோசார்டன், வால்சார்டன் போன்ற வேறொரு குடும்பத்து மாத்திரைக்கு மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். அவை இந்த இருமலை அனேகமாக உண்டாக்குவதில்லை. மாற்றிய ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் இருமல் அடங்கிவிடும், சிலருக்கு மூன்று மாதம்வரை இழுக்கும்.

ஆனால் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இத்தனை வாரமாக நீடிக்கும் எந்த இருமலுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரே தேவை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதையும் விலக்க வேண்டும். ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலே ஏறுவது ஆகியவையும் இரவு இருமலைக் கொண்டுவரும். இருமலில் இரத்தம், காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடை இழப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் தள்ளாதீர்கள்.

மாற்றும்வரை மாத்திரையை என்ன செய்வது

நீங்களாகப் பாதியாக்கியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். நீங்கள் முழு அளவு சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் மருந்தைக் கூட்டினால்தான் ஆபத்து. இந்த வாரமே பார்க்க முடியவில்லை என்றால், அதுவரை எழுதிக் கொடுத்த அளவையே சாப்பிடுங்கள். இருமல் தொல்லைதான், ஆனால் கட்டுப்பாடில்லாத இரத்த அழுத்தம் அதைவிடப் பெரிய தொல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மாத்திரையை அந்த வேளையே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். இந்த மருந்தில் அரிதாக வரும், ஆனால் மூச்சுப்பாதையை அடைக்கக்கூடிய வீக்கம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்கரையோடு இரத்த அழுத்தமும் சேர்ந்தவர்களுக்குப் பல மருந்துகள் இருக்க, 'பிரில்' அல்லது 'சார்டன்' குடும்பத்தை மருத்துவர்கள் விரும்பிக் கொடுப்பதற்கு ஒரு காரணம், அது சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் என்பது. சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணி நீங்கள் குறைத்தது அந்த மாத்திரையைத்தான்.

64 என்றால் பயப்பட வேண்டியதில்லை

சிங்கப்பூர் ஆய்வகங்கள் கிரியாட்டினினை லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில் தருகின்றன. ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். சிங்கப்பூர் எண்ணை 88.4ஆல் வகுத்தால் ஊர் எண் கிடைத்துவிடும். உங்கள் 64 ஊர்க் கணக்கில் சுமார் 0.7. அண்ணனுடைய 1.4 இங்கத்திய கணக்கில் சுமார் 124. உங்களுடையது நல்ல எண். பல இரவுகள் இந்த எண்ணை நினைத்துத் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது, அதனால்தான் கணக்கை விரித்துச் சொல்கிறேன்.

ஆனாலும் கிரியாட்டினின் மட்டும் போதாது. சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதிக்கப்படும்போது முதலில் தெரிவது பெரும்பாலும் சிறுநீரில் கசியும் புரதம். அப்போது கிரியாட்டினின் ஏறியிருக்காது. சிறுநீர் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்ற பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, கேட்டு வாங்குங்கள். சின்சே சொன்னதற்காக அல்ல, ஆறு வருடச் சர்க்கரைக்காக.

சின்சே சொன்ன சிறுநீரகம் எது?

இங்கேதான் பெரிய குழப்பம். சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்தி நெய்ஜிங் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஹான் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்டது. அதில் உறுப்புகளை ஓர் அரசவையின் அதிகாரிகளாகச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. இதயம் அரசன், நுரையீரல் அமைச்சன், கல்லீரல் படைத்தலைவன், மண்ணீரலும் இரைப்பையும் களஞ்சியப் பொறுப்பாளர்கள். அவர்கள் பார்வையில் உறுப்பு என்பது ஒரு பதவி, அதற்குரிய வேலைகளின் தொகுப்பு. விலாவுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பிண்டம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

அந்தக் கணக்கில் 'சிறுநீரகம்' என்பது வளர்ச்சி, பிள்ளைப்பேறு, எலும்பு, காது, முதுமை, பயம் எல்லாம் சேர்ந்த ஒரு துறை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் களைப்பு, இடுப்பு வலி, தூக்கமின்மை என்று சொன்னால் ஒரு சின்சே 'சிறுநீரக பலவீனம்' என்று சொல்வது மிகச் சாதாரணம். மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் பெண்ணிடம் இன்னும் சாதாரணம். மணிக்கட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று இடத்தில் நாடி பார்க்கிறார்கள், முழங்கைப் பக்கமாக இருக்கும் இடம் சிறுநீரகத்துக்கு. இரத்தம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டப்படுகிறது என்பதை அந்த விரல் அளப்பதில்லை. அளப்பதாக அவர் சொல்லவும் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள்தான் கற்பனையில் டயாலிசிஸ் வரை போய்விட்டீர்கள்.

மண்ணீரலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். சீன மருத்துவத்தில் சாப்பாட்டைச் செரித்து உடம்புக்குச் சத்தாக்குவதே மண்ணீரலின் வேலை. விபத்தில் மண்ணீரல் சிதைந்து அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில கிருமித் தொற்றுகளுக்கு எதிராகத் தடுப்பூசி போட வேண்டியிருக்கும். செரிமானம் வழக்கம்போல நடக்கும்.

இதை முதலில் கேட்டவர்கள் மேற்கத்தியரும் அல்ல. வாங் சிங்ரென் என்ற சீன வைத்தியர், 1797இல் ஒரு கொள்ளைநோயின்போது அரைகுறையாகப் புதைக்கப்பட்ட குழந்தைகளின் உடல்களை நேரில் பார்த்து, பழைய நூல்களில் உள்ள உறுப்பு விவரங்கள் பல தவறு என்று 1830இல் ஒரு புத்தகமே போட்டார். அதற்காக அவர் வைத்தியத்தை விட்டுவிடவில்லை. அவருடைய மூலிகைக் கலவைகள் இன்றும் சின்சேக்களின் பயன்பாட்டில் இருக்கின்றன.

அட்டவணை பிறந்த கதை

ஐந்து மூலகக் கொள்கை மருத்துவமனையில் பிறந்ததல்ல. அதை ஒழுங்குபடுத்தியவராகச் சொல்லப்படும் ட்சோ யென், கி.மு. 3ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி. அவர் காலத்தில் அது அரசியலுக்குத்தான் அதிகம் பயன்பட்டது: ஓர் அரச வம்சத்தின் மூலகத்தை அடுத்த வம்சத்தின் மூலகம் வெல்லும். கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய முதல் பேரரசர் தன் மூலகம் நீர் என்று அறிவித்து, அதற்குரிய கறுப்பை அரசின் நிறமாக்கினார். அந்தக் காலத்தில் இசை, நிறம், திசை, பருவம், தானியம் எல்லாவற்றையும் ஐந்தைந்தாக அடுக்கினார்கள். உறுப்புகளும் அந்த வரிசையில் சேர்ந்தன.

எனக்கு இதில் மிகவும் சுவையாகத் தோன்றுவது வேறொன்று. உறுப்புகளை அடுக்கியதில் அப்போதே இரண்டு கட்சி இருந்தது. மருத்துவ நூல் வசந்தத்தின் மரத்துக்குக் கல்லீரலையும், கோடையின் நெருப்புக்கு இதயத்தையும், மண்ணுக்கு மண்ணீரலையும், இலையுதிர்காலத்தின் உலோகத்துக்கு நுரையீரலையும், குளிர்காலத்தின் நீருக்குச் சிறுநீரகத்தையும் தருகிறது. உங்கள் வாட்ஸ்அப் அட்டவணை இதுதான். ஆனால் பருவ வழிபாடுகளைச் சொல்லும் பழைய சீன நூல்களில், வசந்தத்துக்குப் படைப்பது மண்ணீரல், கோடைக்கு நுரையீரல், நடுவுக்கு இதயம், இலையுதிர்காலத்துக்குக் கல்லீரல். சிறுநீரகம் மட்டும்தான் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த வரிசைப்படி உங்கள் நுரையீரல் நெருப்பு. அப்படியென்றால் அது நீரின் தாய் அல்ல, நீரால் அடக்கப்படுவது. 'தாய் போனால் பிள்ளைக்கு ஆபத்து' என்ற உங்கள் பயமே அந்த அட்டவணையில் எழுந்திருக்காது.

சின்சேக்களை இதை வைத்துக் கேலி செய்ய வேண்டாம். அவர்களுடைய பயிற்சியில் ஐந்து மூலகம் ஒரு பகுதிதான். கி.பி. 200ஐ ஒட்டி எழுதப்பட்ட, இன்றும் அவர்கள் படிக்கும் காய்ச்சல் பற்றிய நூல் இந்த மூலகங்களைப் பெரிதாகத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு மனிதரையும் 'நீ மர ஆள், நீ நீர் ஆள்' என்று வகுத்துச் சிகிச்சை தரும் பாணி 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜே. ஆர். வொர்ஸ்லி என்பவர் வழியாகத்தான் பரவியது. வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி அந்தப் பக்கத்துச் சரக்கு.

3 மணி யாருடைய நேரம்?

பகலும் இரவும் சேர்ந்த நாளைப் பன்னிரண்டு இரட்டை மணியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் ஒரு நாடிப்பாதைக்குக் கொடுப்பது பழைய சீன அக்குபங்சர் முறை. 1 முதல் 3 கல்லீரல், 3 முதல் 5 நுரையீரல், 5 முதல் 7 பெருங்குடல் என்று போகும். அதைச் சூரியனை வைத்துக் கணக்கிட்டார்கள், கைக்கடிகாரத்தை வைத்தல்ல.

சிங்கப்பூர் கடிகாரம் சூரியனோடு ஒத்துப் போவதில்லை. 1982 பிறந்தபோது மலேசியாவோடு சேர்ந்து அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டோம். நாம் இருக்கும் தீர்க்கரேகைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணியைத் தாண்டித்தான். அப்படிப் பார்த்தால் உங்கள் 3 மணி, சூரியக் கணக்கில் 2 மணிக்குச் சற்று முன். அது கல்லீரலின் நேரம்! கல்லீரலின் உணர்ச்சி கோபம். இனி யார் மேல் கோபம் என்று தேடப் போய்விடாதீர்கள்.

உடலுக்குள் கடிகாரம் இருப்பது உண்மை. அதன் மரபணு இயக்கத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. விடியற்காலையில் மூச்சுக்குழாய் சற்றுச் சுருங்குவதும், ஆஸ்துமா அந்நேரத்தில் கூடுவதும் உண்மையே. ஆனால் ஒரு நேரத்துக்கு ஓர் உறுப்பு என்று முறைவைத்து வேலை நடப்பதில்லை. 51 வயதில் 3 மணிக்கு விழிப்பதற்கு மிகச் சாதாரணமான காரணங்கள் இருக்கின்றன: இருமலே எழுப்பலாம், சர்க்கரை கூடியிருந்தால் சிறுநீர் எழுப்பும், மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் வெப்பம் எழுப்பும், குறட்டையோடு மூச்சு தடைபட்டால் அதுவும் எழுப்பும். துக்கமும் எழுப்பும்.

துக்கம் உடம்பைத் தொடாதா?

தொடும். அழும்போது மூச்சு திணறுவதையும் பெருமூச்சு விடுவதையும் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் துக்கத்தை நுரையீரலோடு சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இன்றைய மருத்துவம் அறிந்தவரை, திடீர் இழப்பின் அதிர்ச்சி நேரடியாகத் தாக்கக்கூடிய உறுப்பு இதயம். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டகோட்சுபோ என்ற நிலையில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கு அது இருப்பதாகச் சொல்லவில்லை, அது வந்தால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாகச் சட்டென்று வரும். துக்கம் நுரையீரலை அரித்துத் தின்னும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

கடிதத்தில் ஓர் இடத்தில், "அழுதால் நுரையீரல் இன்னும் கெடும் என்று அழாமல் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழுங்கள். அண்ணனைப் பற்றி வீட்டில் பேசுங்கள். அத்தோடு, பெரும்பாலான நாள்களில் எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு பிடிக்காமல், தன்மேலேயே பழி போட்டுக்கொண்டு இருக்கும் நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பாலிகிளினிக்கில் சொல்லுங்கள், மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அதிகாலையில் விழித்துத் திரும்பத் தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம்.

இந்துப்பும் ஆன்லைன் குப்பியும்

இந்துப்பை இன்றே நிறுத்துங்கள், குப்பியைத் திறக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. உங்கள் அரை டீஸ்பூனே ஏறக்குறைய 3 கிராம், சாம்பாரும் ஊறுகாயும் அதற்கு மேல். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இத்தனைக்கும் அந்த நெய்ஜிங் நூலே உப்பை மிகுதியாகத் தின்றால் இரத்தக்குழாய் ஓட்டம் உறையும், நிறம் மாறும் என்று எச்சரிக்கிறது. அட்டவணையில் அந்த வரியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

குப்பியைத் திறக்காமல் விட்டது நல்லது. சீன மரபில் ஆண்மைக்கும் பொறுப்பு சிறுநீரகம் என்பதால் 'சிறுநீரக பலம்' என்ற பெயரில் விற்பவற்றில் பல உண்மையில் ஆண்மைக்கான சரக்கு. 2008இல் சிங்கப்பூரில் அந்த வகை சட்டவிரோத மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்து, சர்க்கரை நோயே இல்லாத சுமார் 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிடும் உங்களுக்கு இப்படியொரு கலப்படம் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூலிகை என்பதாலேயே சிறுநீரகத்துக்கு நல்லது என்றும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைப்பு மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி மாறிப் போனது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாழானது, பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

சின்சேயிடம் தொடர்ந்து போகலாமா?

போக விரும்பினால் போகலாம், சில நிபந்தனைகளோடு. உங்கள் சின்சே மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, உப்புக் குடிக்கவும் சொல்லவில்லை; அவர் கேட்டபோது நீங்கள்தான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். பாலிகிளினிக்கிலும் பொடியைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு பேரும் பாதி விவரத்தோடு உங்களுக்கு மருந்து தருகிறார்கள். இதை முதலில் சரிசெய்யுங்கள்.

சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பாரம்பரிய சீன மருத்துவர்கள் வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கொடுக்கும் பொடியில் என்னென்ன மூலிகை, எத்தனை கிராம் என்று எழுதிக் கேளுங்கள். நல்ல சின்சே தயங்க மாட்டார்.

நீங்கள் அனுப்பிய பொட்டலப் படத்தில் கான்சாவ் இருக்கிறது. அது நம் அதிமதுரத்தின் உறவு. சீனக் கலவைகளில் எக்கச்சக்கமானவற்றில் சிறு அளவில் சேரும், இரண்டு வாரத்தில் பெரிய கெடுதல் வராது. ஆனால் மாதக்கணக்கில் போனால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். உங்களுக்கு அது வேண்டாம் என்று சின்சேயிடம் சொல்லுங்கள். இதே காரணத்துக்காக இருமலுக்கு வீட்டில் போடும் அதிமதுரக் கஷாயமும் இப்போதைக்கு வேண்டாம். மாஹுவாங், அதாவது எஃபெட்ரா, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. நரை மாற வேண்டும் என்று வாங்கும் ஹெஷோவு என்ற மூலிகை கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு. அக்குபங்சர் ஊசியைப் பொறுத்தவரை, நாட்பட்ட வலிகளுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலுக்கும் ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைக்கு மாற்றாக நிற்கும் அளவு எதுவும் இல்லை. ஆகவே முழுதாக மாறுவது என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

மிச்சக் கேள்விகள் இரண்டு

பஞ்சபூதமும் ஐந்து மூலகமும் ஒன்றல்ல. நமது மண், நீர், தீ, காற்று, வெளி. அவர்களது மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். மூன்றுதான் பொது. சித்த மருத்துவத்தில் பூதங்கள் சேர்ந்து உடலாகின்றன, நோய் வாதம், பித்தம், கபத்தின் ஏற்றத்தாழ்வு. சீனத்தில் அவை ஒன்றை ஒன்று பிறப்பித்தும் அடக்கியும் சுழலும் ஐந்து கட்டங்கள். இரண்டு நாகரிகங்கள் ஒரே விடைக்கு வந்தன என்ற வாதம் எடுபடாது. ஐந்து என்ற எண்தான் ஒன்று, அது நம் கைவிரலிலும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பாரம்பரிய மருத்துவத்துக்கு ஓர் அத்தியாயம் சேர்த்தது உண்மை. எந்த நாட்டில் எத்தனை பேர் எந்தக் காரணத்துக்காக அந்த வைத்தியத்துக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதற்கான பட்டியல் அது. சிகிச்சை பலிக்கும் என்ற சான்றிதழ் அல்ல.

பாலிகிளினிக்குக்கு எடுத்துப் போக வேண்டியவை

ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள்: எனலாப்ரில் தொடங்கிய நாள், கரகரப்பு தொடங்கிய வாரம், பாதியாக்கிய நாள். முடிந்தால் மூன்று நான்கு நாள் காலையிலும் மாலையிலும் வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டைகள், சின்சேயின் பொடிப் பொட்டலம், அந்தத் திறக்காத குப்பி மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மார்பு எக்ஸ்ரே, சிறுநீர் அல்புமின் பரிசோதனை, சோடியம், பொட்டாசியம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்தால், புதியது தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் மறுபடி பார்ப்பது வழக்கம், அந்தத் தேதியையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். மாற்றி மூன்று மாதமாகியும் இருமல் நிற்காவிட்டால் நுரையீரல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.